இடுப்பில் செருகிய உளி

என் தங்கை அஞ்சலையின் புருஷனும், என் பட்டறைக் கூட்டாளியும், என் பிராணனை வாங்கியவனுமான அருமை மாப்பிள்ளை ராசுவுக்கு,

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. உன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. எதிரில் வந்து நின்றாயானால் முதலில் இரண்டு அறை விட்டுவிட்டு அப்புறம்தான் கட்டிப்பிடிப்பேன்.

நம் காலனியில் ஆடித் திருவிழாவுக்கு மலர் போடுகிறார்கள். இந்த வருஷம் போய்ச் சேர்ந்தவர்களுக்கென்று இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். "ஒங்க மாப்பிள்ளையப் பத்தி நாலு நல்ல வார்த்த எழுதிக் குடுங்க ஏழுமலை" என்று கேட்டார்கள். உட்கார்ந்து பார்த்தேன், நல்ல வார்த்தை ஒன்றும் வரவில்லை. நடந்ததுதான் வருகிறது. அதை எழுதித் தருகிறேன், அச்சடிப்பதும் கிழித்துப் போடுவதும் அவர்கள் பாடு. மலர் வெளிவருவதற்குள் செவ்வாய்க்கிழமை கோர்ட்டு முடிந்து எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருக்கும்.

படிக்கிற எல்லாருக்கும் தச்சு வேலை தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்த சங்கதியையும் கொஞ்சம் விளக்கிச் சொல்வேன். இடையில் புகுந்து கேலி பண்ணாமல் கேள்.

டெல்லி கரோல் பாக் பின்சந்துப் பட்டறையில் பதினாலு வருஷம் ஒரே மேசையின் இரண்டு பக்கம் நின்று வேலை செய்தோம். பென்சில் கோடு இல்லாமலே நேராக அறுப்பாய். உன் கைவேகம் எனக்கு எந்தக் காலத்திலும் வராது. ஆனால் உளி தீட்டுவதென்றால் உனக்கு வேப்பங்காய். உன் ஓரங்குல உளியின் வாய் அவ்வளவு மழுங்கியிருக்கும். கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலை ஓங்கி ஓங்கி அடித்துத்தான் மரத்தைப் பெயர்ப்பாய். அதைவிடக் கொடுமை, அந்த உளியை வாய் கீழே இருக்கும்படி பெல்ட்டுக்குள் செருகிக்கொண்டு நாள் முழுக்கத் திரிவாய். புத்தியுள்ள தச்சன் எவனும் அப்படிச் செய்யமாட்டான். எத்தனை தடவை திட்டியிருப்பேன்? "இது எங்க மச்சான் வெட்டப் போவுது? இதுக்கு முத்தங்கூடக் குடுக்கலாம்" என்பாய். சொல்லிவிட்டு அதன் வாயில் முத்தம் வேறு கொடுத்துக் காட்டுவாய், மடையா.

நான் அதற்கு நேர் எதிர். எனக்கு வெறுங்கையால் தீட்ட வராது. கை ஆடும், உளியின் வாய் உருண்டுவிடும். அதனால் ஹோனிங் கைடு வாங்கி வைத்திருந்தேன். உள்ளங்கையில் அடங்குகிற இரும்புச் சாமான், அடியில் ஒரே ஒரு சின்னச் சக்கரம். உளியை அதன் இரண்டு தாடைக்கு நடுவே வைத்துத் திருகை முறுக்கிவிட்டால் ஆடாது. கல்லின் மேல் எண்ணெய் விட்டு முன்னும் பின்னும் உருட்ட வேண்டியதுதான், எத்தனை தடவை உருட்டினாலும் சாய்மானம் மாறாது. உளி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறதோ அதை வைத்துத்தான் சாய்மானம். ஒவ்வொரு தடவையும் அளக்க வேண்டாமென்று மேசையில் என் பக்கம் ஒரு கட்டையை ஆணியடித்து வைத்திருந்தேன். உளியின் வாய் அந்தக் கட்டையில் முட்டும்வரை தள்ளினால் அளவு சரியாக நிற்கும். நீ என் கைடுக்கு நடைவண்டி என்று பெயர் வைத்தாய். "மச்சான் நடைவண்டிய எடுத்துட்டாரு, தள்ளி நில்லுங்கடா" என்று பட்டறையே சிரிக்கும்படி கத்துவாய்.

கைடை வாங்கினால் மட்டும் போதாது, பார்த்துக்கொள்ள வேண்டும். கல்லின் பொடியும் எண்ணெயும் சேர்ந்து கறுப்புச் சேறாகி அச்சுக்குள் ஏறும். மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுக் கழுவி, ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விடாவிட்டால் சக்கரம் சுற்றாமல் இழுபடும், இழுபட்டால் ஒரு பக்கமாகத் தேயும். நானும் ஒரு மழைக்காலம் அசட்டையாக இருந்துவிட்டேன். சக்கரம் வலப்பக்கம் மயிரளவு தேய்ந்துபோயிற்று. அதிலிருந்து என் கைடில் தீட்டிய எந்த உளியானாலும் வாயோரத்துப் பளபளப்பு ஒரு பக்கம் அகலமாகவும் ஒரு பக்கம் மெல்லிசாகவும் இருக்கும். வெட்டுவதில் குறை கிடையாது. பார்த்தால் எனக்கு மட்டும் தெரியும், இது என் கைடு தீட்டியது என்று.

பட்டறையில் ஒரு வழக்கமும் உண்டு. அடுத்தவன் உளியை எடுத்து வேலை செய்தால், தீட்டித்தான் திருப்ப வேண்டும். கையில் கொடுக்கக் கூடாது, அவன் இடத்தில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். நல்ல வழக்கம்தான். அதுதான் உன்னைக் கொன்றது மாப்ளே.

சாணக்யபுரி பங்களா ஒன்றுக்குப் பதினாறு தேக்குக் கதவு போய்க்கொண்டிருந்த நேரம். காலையில் நீ நாலு கதவுக்குக் கீல் பள்ளம் எடுத்தாய். மழுங்கிய உளியால் அடித்து அடித்து மரத்தின் நாரைப் பிய்த்து வைத்திருந்தாய். பாலிஷ் போடுகிற மகேஷ் வந்து பார்த்தான். "அபே ராசு, பல்லால கடிச்சியா?" என்று இந்தியில் கத்தினான். நீ அவன் குடும்பத்தையே இழுத்துத் திட்டினாய். நான்தான் நடுவில் புகுந்து இரண்டு பேரையும் பிடித்துத் தள்ளினேன்.

எனக்கு அவமானமாக இருந்தது. நீ சாப்பிடப் போன நேரம் உன் உளியை மேசையிலிருந்து எடுத்தேன். என் ஓரங்குல உளியில் ஆணி பட்டுப் பல் விழுந்திருந்தது, அதனால்தான் உன்னுடையதை எடுத்தேன். கைடில் மாட்டினேன், கட்டையில் முட்டவைத்துத் திருகை முறுக்கினேன், முக்கால் மணி நேரம் உருட்டினேன். பின்பக்கத்துப் பிசிறையும் எடுத்தேன். முன்கையில் வைத்து இழுத்தேன், மயிர் சுத்தமாக வழித்துக்கொண்டு வந்தது. அன்றைக்கு முடிக்க வேண்டிய மீதி நாலு கதவுக்கும் நானே பள்ளம் எடுத்தேன். வெட்டினதும் தெரியவில்லை, மரம் எதிர்த்ததும் தெரியவில்லை. பிறகு வழக்கப்படி இன்னொரு தரம் கைடில் போட்டுத் தீட்டி, துடைத்து, உன் இடத்தில் வைத்தேன். கோபத்தில் எங்கோ சுற்றிவிட்டு மூன்றரை மணிக்கு நீ வந்தாய், பார்க்காமலே எடுத்து இடுப்பில் செருகினாய். 'தீட்டியிருக்கேன்டா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காலையில் நீ என்னையும் சேர்த்துத் திட்டியிருந்தாய், அதனால் உன்னோடு பேசக் கூடாதென்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்கு மகேஷ் திரும்ப வந்தான். நான் எடுத்த பள்ளங்களைத் தடவிப் பார்த்தான். "இது ஏழுமலை வேலை. நீ பலகை தூக்கத்தான் லாயக்கு" என்றான். என் வேலையை வைத்துத்தான் உன்னைக் குத்திக் காட்டினான். நீ பளாரென்று அவன் கன்னத்தில் அறைந்தாய். ஆமாம், முதலில் கை வைத்தது நீதான். அவன் உன் கழுத்தைப் பிடித்தான். நீ அவன் காதைப் பிடித்து முறுக்கினாய். கட்டிப் புரண்டு, பலகை தாங்குகிற மரக்குதிரையில் மோதி, அதையும் சாய்த்துக்கொண்டு இரண்டு பேரும் விழுந்தீர்கள். நீ கீழே குப்புற, அவன் உன் மேலே.

மற்ற ஆட்கள் வெளியே டெம்போவில் கதவு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் ஒருவன்தான் உள்ளே. ஓடிவந்து அவன் முடியைப் பிடித்துத் தூக்கி எறிந்தேன். உன்னைத் திருப்பிப் போட்டேன். உளியின் பிடி பெல்ட்டுக்கு மேலேயே இருந்தது ராசு. யாரும் அதை உருவவில்லை. இரும்பு முழுதும் பேண்ட்டோடு சேர்த்து உன் தொடையிடுக்கில் இறங்கியிருந்தது.

பிடுங்கக் கூடாது என்று இப்போது தெரிகிறது. அப்போது பிடுங்கினேன். பிடுங்கி எறிந்தேன், ரத்தம் குழாயைத் திறந்தது மாதிரி வந்தது. "குத்திட்டான், குத்திட்டான்" என்று கத்தினேன். வெளியே இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். நான் கத்தியதைத்தான் பிறகு எல்லாரும் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார்கள்.

அதற்கப்புறம் நான் செய்ததைக் கேள். கொட்டாப்புளியை எடுத்தேன். மகேஷின் தாடையில் அடித்தேன். விழுந்தவன் கையை ஊன்றி எழப் பார்த்தான், அந்தக் கையின் மேல் அடித்தேன். எலும்பு உடைகிற சத்தம் கேட்டது, கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன், ஒளிக்கவில்லை. மூன்று பேர் சேர்ந்து என்னை இழுக்கும்வரை அடித்தேன். உன் காயத்தை அழுத்திப் பிடித்திருக்க வேண்டிய கை, அவன் பல்லை உடைத்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் போயிற்று என்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி டாக்டர், "கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருக்கலாமே" என்று மட்டும் சொன்னார்.

வேன் ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது உன் உயிர் போய்விட்டிருந்தது. அப்போதும் உன் கன்னத்தில் அறைந்தேன், எழுந்திருடா என்று.

போலீஸிடம் என்ன சொன்னேன்? மகேஷ் முதலில் அடித்தான், உன் இடுப்பிலிருந்து உளியை உருவினான், குத்தினான், நான் பார்த்தேன் என்று சொன்னேன். ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை. அதை வைத்துத்தான் அவன் மேல் கொலைக் கேஸ் போட்டு உள்ளே வைத்திருக்கிறார்கள். அவன் சாக வேண்டும் என்று எனக்கு அவ்வளவு வெறி. இன்றைக்கும் அது முழுசாகப் போகவில்லை. அவனை அடித்ததற்கு என் மேல் தனிக் கேஸ் ஓடுகிறது, அது ஓடட்டும்.

கோர்ட்டு வராந்தாவில் அவன் பெண்டாட்டியும் உன் பெண்டாட்டியும் எதிரெதிர் பெஞ்சில் உட்காருவார்கள். ஒரு நாள் வெயில் தாங்காமல் அஞ்சலைக்குத் தலை சுற்றியது. அந்தப் பெண் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அஞ்சலை அதைத் தட்டிவிட்டாள், பாட்டில் படிக்கட்டில் உருண்டது. "பொம்பளைன்னு பாக்கறேன், இல்லன்னா ஒன் கழுத்த நெரிச்சிருவேன்" என்று தமிழிலேயே கத்தினாள். அந்தப் பெண்ணுக்குப் பாஷை புரியாவிட்டாலும் அர்த்தம் புரிந்தது. அன்றைக்கு நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போன சனிக்கிழமை சர்க்கார் வக்கீல் அம்மா என்னைக் கூப்பிட்டார். மகேஷுடைய வக்கீல், இரண்டு பேரும் விழுந்ததில் உளி தானாகக் குத்திவிட்டது என்று சொல்லப் போகிறாராம். "நம்ம கையில் நல்ல பாயின்ட் இருக்கு" என்றார் இந்த அம்மா. பட்டறை ஆட்கள் எல்லாரும் ராசுவின் உளி சுத்த மொக்கை என்று வாக்குமூலம் கொடுத்திருக்கிறார்கள். மொக்கை உளி விழுகிற வேகத்தில் அவ்வளவு ஆழம் இறங்காது, ஒருவன் கையில் பிடித்துப் பலமாகக் குத்தினால்தான் இறங்கும். "நீங்க தச்சர், இத நீங்களே கோர்ட்ல சொல்லணும். உளி மொக்கைதானே? பக்கா?" என்று இந்தியில் கேட்டார். "ஹாஞ்ஜி" என்று தலையாட்டினேன்.

அவர் மேசை மேல் உன் உளியின் ஃபோட்டோ இருந்தது. பெரிதாகப் போட்டிருந்தார்கள். வாய் முழுக்கத் துரு ஏறியிருந்தது. ஆனாலும் ஓரத்தில் அந்தக் கோடு தெரிந்தது, வலப்பக்கம் அகலம், இடப்பக்கம் மெல்லிசு. அந்த அறையில் மூன்று வக்கீல்கள், ஒரு போலீஸ்காரர். ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. ஜி, ஒரு நிமிஷம் என்று வெளியே போய் வாந்தி எடுத்தேன். துக்கம் என்று நினைத்துக்கொண்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து கைடை எடுத்தேன். நீ போன நாளிலிருந்து தொடவே இல்லை. அச்சில் ஏறின சேறு காய்ந்து கல்லாகியிருந்தது, சக்கரம் நகரவில்லை. அது உன் உளியைத் தீட்டின பொடி. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். ஊசியால் குத்திக் குத்திச் சுரண்டினேன். தாடைக்குள் ஒட்டியிருந்ததையும் எடுத்தேன். கறுப்பாக ஒழுகியது. சக்கரம் மெல்லச் சுற்ற ஆரம்பித்ததும் நான் அழ ஆரம்பித்தேன். பதினோரு மாதமாக வராத அழுகை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, காலையில் அஞ்சலை வீட்டுக்குப் போனேன். கைடை அவள் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். தீட்டினது, சொல்லாமல் விட்டது, பிடுங்கினது, உன்னைத் தரையில் விட்டுவிட்டு அவனை அடிக்கப் போனது, பொய் சொன்னது. "அடுத்த வாரம் செவ்வாக்கெழம கோர்ட்ல உண்மையச் சொல்லலாம்னு இருக்கேன்" என்றேன்.

அவள் அந்தக் கைடை எடுத்து என் முகத்தில் வீசினாள். புருவம் கிழிந்தது. அதோடு விடவில்லை, சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினாள். நம் அஞ்சலைக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "ஏன் சொன்ன? ஏன் வந்து சொன்ன? பொய்யாவே இருந்துட்டுப் போவட்டுமே! அவன் குத்திட்டான்னு நெனச்சிட்டு நா எப்படியோ ஓட்டிட்டு இருந்தேன். இப்ப நா யாரத் திட்றது?"

"என்னைத் திட்டு" என்றேன்.

"நீ என் அண்ணன்டா!" என்று அலறினாள். என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். புருவத்தில் மூன்று தையல் போட்டார்கள். எப்படி ஆயிற்று என்று கேட்டார் டாக்டர். பட்டறையில் கருவி தெறித்துவிட்டது என்றேன்.

ஐந்து நாள் அவள் என்னோடு பேசவில்லை. உன் பெண் பிரியா மட்டும் ஒரு தடவை வந்து, "மாமா, அம்மா காம் பே நஹீ ஜா ரஹீ" என்று சொல்லிவிட்டுப் போனாள். அஞ்சலை வீட்டு வேலைக்குப் போகாமல் படுத்தே கிடந்தாளாம். வக்கீல் அம்மாவிடமும் போன் பண்ணி விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அவர் கொதித்துவிட்டார். பிறழ் சாட்சி ஆக்கிவிடுவேன், பொய் சொன்னதற்கு உங்கள் மேலேயே கேஸ் வரும் என்றார். வரட்டும் ஜி என்றேன்.

நேற்று அஞ்சலை பட்டறைக்கே வந்துவிட்டாள். கைடைக் கையில் கொண்டு வந்திருந்தாள். என் மேசையில் வைத்தாள். ஆட்கள் எல்லாரும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவள் என் புருவத்துத் தையலைப் பார்த்தாள்.

"செவ்வாக்கெழம நானும் வர்றேன். என்ன நடந்துச்சோ அதச் சொல்லு. அந்தப் பொண்ணு மூஞ்ச என்னால பாக்க முடியாது, நீ பாத்துச் சொல்லு" என்றாள்.

போவதற்குத் திரும்பினவள் நின்றாள். "ண்ணா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அவ்ளோ கூரா தீட்டியிருந்தேன்னு சொன்னியே. மரம் வெட்டினதே தெரியலன்னு சொன்னியே. அப்ப அவருக்கும் தெரிஞ்சிருக்காது, இல்ல? வலிச்சிருக்காது, இல்லண்ணா?"

நீ வேனில் என் மடியில் கிடந்தாய். "எரியுது மச்சான், எரியுது, எதனா பண்ணு மச்சான்" என்று என் காலரைப் பிடித்துக் கிழித்தாய். ஆஸ்பத்திரி வாசல் தெரிகிறவரைக்கும் கத்தினாய். அந்தக் குரல் என் காதைவிட்டு ஒரு நாளும் போனதில்லை.

"இல்லம்மா" என்றேன். "கூர் உளி பட்டா வலியே தெரியாது. எங்களுக்கெல்லாம் ரத்தத்தப் பாத்தாத்தான் வெட்டினதே தெரியும்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். நீ போன பிறகு அவள் நிமிர்ந்து நடந்து போனதை நேற்றுத்தான் பார்த்தேன்.

இந்த மலரை அவள் படிக்கமாட்டாள், எழுத்துக் கூட்டத் தெரியாது. பிரியாவுக்குத் தமிழ் படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். படிக்கிற காலனிக்காரர்களே, உங்கள் காலில் விழுகிறேன், வேனில் நடந்ததை மட்டும் அவளிடம் போய்ச் சொல்லாதீர்கள். மற்றதையெல்லாம் ஊருக்கே சொல்லுங்கள்.

ராசு, செவ்வாய்க்கிழமை கூண்டில் ஏறுவேன். மகேஷ் குத்தவில்லை என்பேன். அவன் வெளியே வந்தால் அவனை மன்னிப்பேனா என்று எனக்குத் தெரியாது, ஆனால் கையை ஓங்கமாட்டேன். உளியைத் தீட்டியவன் நான், சொல்லாமல் விட்டவன் நான், பிடுங்கியவன் நான் என்று ஒன்றுவிடாமல் சொல்வேன். இனி என் வாயில் பொய் வராது, உன் மேல் சத்தியம். உன் பெண்டாட்டியிடம் சொன்ன அந்த ஒன்றை மட்டும் நான் சாகிறவரை மாற்றமாட்டேன். அதற்கு நீயும் என்னோடு சேர்ந்து வாயை மூடிக்கொண்டிரு மாப்ளே.

உன்னைக் காப்பாற்றத் தெரியாத
உன் மச்சான்
ஏழுமலை